குரலுக்கு எத்தனை குடம்

தண்ணீர் லாரி வராத பதினோராவது நாள் சாயங்காலம் ஆறேகால் மணிக்கு, சாலிகிராமத்தில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், பரிமளகாந்தியின் வீட்டுக்கு ஒரு பையனின் குரல் குடிவந்தது. பையன் வரவில்லை, குரல் மட்டும்தான் வந்தது; அவள் டப்பிங் ஸ்டுடியோவிலிருந்து திரும்பி, தோள்பையை இறக்கி, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு அது அவளுக்குப் பின்னாலிருந்து, "கேப்டன், இது எந்த ஊரு?" என்று கேட்டது. அவளும் திரும்பிப் பார்க்காமலே, "சாலிகிராமம். வாசல்ல நிக்காத, உள்ள போ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். எதிர்வீட்டில், என் கதவுத் துளைக் கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்து நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வீட்டு வாசலை இப்படிப் பார்ப்பது சரியா என்று கேட்பவர்களுக்கு என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் அம்சவேணி, சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். ஒரு மனை கைமாறுகிறது என்றால் அது யாருடையது, அதற்கு முன் யாருடையது, செத்துப்போனதாகச் சொல்லப்படுகிற அண்ணன் உண்மையிலேயே செத்தானா, அல்லது எங்காவது உயிரோடு உட்கார்ந்து வழக்குப் போடக் காத்திருக்கிறானா என்று தோண்டித் துருவி வில்லங்கம் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா? கணவர் போய்ச் சேர்ந்து, மகளும் திருவாரூரில் வாழ்க்கைப்பட்ட பிறகு, பார்ப்பதற்கு எனக்கு எதிர்வீட்டு வாசல்தான் மிச்சமிருந்தது.

பரிமளகாந்திக்கு அப்போது நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. பத்தொன்பது வயதில் கரூரிலிருந்து வந்தவள், சினிமாவில் முகம் காட்டத்தான் வந்தாள், முகத்தை வேண்டாமென்று சொல்லிக் குரலை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். முதல் பத்து வருஷம் அவள் கூட்டமாக இருந்தாள். சந்தைக் காட்சியில் கத்தரிக்காய் விலை கேட்கிற பத்துப் பெண்களில் நான்கு பேர் அவள், எழவு வீட்டில் மாரடிக்கிற ஆறு பேரில் மூன்று பேர் அவள், தொட்டிலில் கிடந்து வீறிடுகிற குழந்தையும் அவளே, அதைத் தூக்கி ஆராரோ சொல்கிற ஆயாவும் அவளே. அடுத்த பத்து வருஷம் படத்தில் வருகிற பொடிசுகளுக்கெல்லாம் பேசினாள். ஒரு படத்திலாவது பெயர் போட்டார்களா என்றால் இல்லை, அதற்காக அவள் மூக்கைச் சிந்தி நான் பார்த்ததும் இல்லை.

பிறகுதான் ஜப்பான் பொம்மைப்படங்கள் தமிழ் பேச ஆரம்பித்தன. நேராக ஜப்பானிலிருந்து வந்துவிடவில்லை. முதலில் அமெரிக்காவில் அவற்றுக்கு ஆங்கிலம் பேசிவைத்தார்கள், அந்த ஆங்கிலத்தைக் கேட்டுத்தான் இங்கே தமிழ் எழுதினார்கள். அப்படி வந்த ஒன்று, மேகங்களுக்கு மேலே தொலைந்துபோன அப்பாவின் கப்பலைத் தேடி அலைகிற பத்து வயதுப் பையன் ரிக்கோவின் கதை, சாயங்காலம் ஐந்தரைக்கு வரும். ரிக்கோவுக்குக் குரல் பரிமளகாந்தி. எங்கள் குடியிருப்பில் பதினாறு வீட்டுப் பிள்ளைகளும் ஐந்தரைக்கு டிவி முன்னால் சப்பணம் போட்டுவிடுவார்கள். அந்தக் குரல் மூன்றாவது மாடியில் கோதுமை புடைத்துக்கொண்டிருக்கிறது என்பது ஒரு பிள்ளைக்கும் தெரியாது.

குரல் ஏன் குடிவந்தது என்பதற்கு அவள் சொன்ன காரணம் இதுதான். டப்பிங்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாகிற வசனம் பேசியவர் மைக்கை விட்டு இறங்குமுன், படத்துக் குரலை விட்டுவிட்டுச் சொந்தக் குரலில் தன் பெயரைச் சொல்லி, 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் இறங்க வேண்டும். சாவு குரலோடு ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிடக் கூடாது அல்லவா? அந்தக் காலத்தில் பேரைச் சொல்லாமல் அவசரமாக பஸ் பிடிக்க ஓடிய ஒருவருக்கு அன்றோடு குரல் போய்விட்டது. விருகம்பாக்கத்தில் பெட்டிக்கடை வைத்துச் சாகும்வரை சைகையிலேயே வியாபாரம் பார்த்தார். ஜப்பானில் இருபத்தாறாவது பாகத்தில் ரிக்கோ கப்பலின் கொடிமரத்திலிருந்து விழுந்து செத்துப்போகிறான். அமெரிக்காக்காரர்கள், பிள்ளைகள் பார்க்கிற படத்தில் சாவு கூடாதென்று, 'நான் வேற ஒரு இடத்துக்குப் போறேன்' என்று அவனைச் சொல்லவைத்துவிட்டார்கள். சாகிற வசனம் இல்லையே, எனவே பரிமளகாந்தியும் பெயர் சொல்லாமல் இறங்கிவிட்டாள். வேறு ஒரு இடத்துக்குப் போகிறேன் என்று சொன்னவன் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும்? அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அவள் வீட்டுக்கு வருகிற வழிதான்.

இதையெல்லாம் அவள் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள். அந்த ஒரு வாரமும் நாங்கள் எங்கள் இஷ்டத்துக்குச் சந்தேகப்பட்டோம். யாரோ பெற்ற பிள்ளையை ஒளித்துவைத்திருக்கிறாள் என்று முதல் மாடி சொன்னது, டேப் ரிக்கார்டரைப் போட்டு ஊரை ஏமாற்றுகிறாள் என்று தரைத்தளம் சொன்னது, அவள் சின்ன வயதில் செய்த ஏதோ ஒன்று இப்போது வளர்ந்து வந்து நிற்கிறது என்று நான் சொன்னேன். எல்லாவற்றையும் விட ஒரு விஷயம்தான் எங்களை உறுத்தியது. அந்த வறட்சியில் எங்களுக்கு லாரித் தண்ணீர்தான்; தலைக்கு நான்கு குடம் என்று கணக்கு, யார் வீட்டில் எத்தனை தலை என்று நான்தான் முத்து முத்தாக எழுதி மாடிப்படிச் சுவரில் ஒட்டுவேன். தண்ணீருக்காக இல்லாத மாமியாரையெல்லாம் தலைக்கணக்கில் சேர்த்தவர்கள் இருந்தார்கள். வீட்டில் ஒரு பையனை வைத்துக்கொண்டு லிஸ்டில் ஒரு தலை என்றே விட்டுவைத்திருக்கிறவள் என்ன எண்ணத்தில் அப்படிச் செய்கிறாள்?

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் கூட்டம் கூடியது. செயலாளர் நரசிம்மலு, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "ஏம்மா பரிமளம், ஒளிவு மறைவு இல்லாம சொல்லு. உங்க வீட்ல எத்தன தலை?" என்று கேட்டார்.

"தல ஒண்ணுதான் சார். குரல் ரெண்டு" என்றாள் அவள்.

அப்போது மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து, "கேப்டன்! கப்பல் வந்துருச்சு! தெருமுனையில திரும்புது!" என்று கத்தல் கேட்டது, இரண்டாவது மாடி ரஷீதா பானுவின் மகள் துள்ளியெழுந்து, "அம்மா, இது ரிக்கோம்மா!" என்று கூவினாள், அடுத்த நிமிஷம் தண்ணீர் லாரி தெருவுக்குள் திரும்பியது. பதினெட்டாவது நாள் வந்த லாரி அது. பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் குடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் வரிசையில் நின்றுவிட்டோம்.

அன்றைக்கே ரிக்கோவை எங்கள் ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்றால் அது முழுப்பொய். லாரிக்கு மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். லாரி வருகிற ஒவ்வொரு நாளும் அவன் 'கப்பல்' என்று கத்தியதும் முதல் ஆளாய் ஓடுவார்கள், குடம் நிறைந்ததும், இவனுக்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது, கண்ணில்லாதவன் எதைக்கொண்டு பார்க்கிறான் என்று மாடிப்படியில் நின்று குசுகுசுப்பார்கள். பால் பாக்கெட் காணாமல் போனால் அவன்தான். குரலுக்குப் பால் எதற்கு என்று கேட்டால், 'கூட ஆள் இருக்கும்' என்பார்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க வந்த டீச்சர், பெயர் ரிக்கோ, வயது பத்து, தகப்பன் பெயர் தெரியவில்லை, தொழில் கப்பல் என்று எழுதிக்கொண்டு, அங்க அடையாளம் என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். குரலுக்கு ஒரு அரைக்குடமாவது கொடுக்க வேண்டும் என்று ரஷீதா பானு சண்டைக்கு நின்றாள், அரைக்குடம் கொடுத்தால் அது ஆளென்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நரசிம்மலு மறுத்தார், "எனக்குத் தண்ணி வேணாம் ஆன்ட்டி, நான் மேகத்துலேர்ந்து குடிச்சுப்பேன்" என்று ரிக்கோ மாடியிலிருந்து சொன்னான். மேகம் இருந்தால் நாங்கள் ஏன் லாரிக்கு நிற்கிறோம்!

பரிமளகாந்தியோ முன்பு மாதிரி இல்லை. முதலில் எரிந்துதான் விழுந்தாள். "இத்தன மாசம் ஸ்டுடியோவுல இவனோட மல்லுக்கட்டினது போதாதா, வீட்லயும் இவனா?" என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டே அலுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது. ஒரு மாதத்துக்குள் அவள் வீட்டிலிருந்து இரண்டு குரலில் சிரிப்புச் சத்தம் வர ஆரம்பித்தது. இருபத்தேழு வருஷமாக நூற்றுக்கணக்கான பேராக இருந்தவளிடம் பேசுவதற்கு ஒருவன் வந்திருந்தான். எனக்கு அது பொறுக்கவில்லை. நான் எதிர்வீட்டில் தனியாக இருந்துகொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டேன், அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறதென்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த நாள் வந்தது. மாடிப்படியில் நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் என் கதவுக்குப் பின்னால் கண்ணாடியில் கண்ணை வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்கிறேன், பையன் திடீரென்று, "அம்சா ஆன்ட்டி, எப்பவும் கதவுக்குப் பின்னாலயே நிக்கிறீங்களே, கால் வலிக்கலையா? வெளிய வாங்க" என்று கேட்டுவிட்டான். அவன் கிண்டல் பண்ணவில்லை, உண்மையாகவே என் காலுக்காகத்தான் கேட்டான் என்று இப்போது தெரிகிறது. மாடிப்படியில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது வரை சுட்டது.

அன்று மத்தியானமே உட்கார்ந்து ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். 'மகாராஜராஜஸ்ரீ ஸ்டுடியோ முதலாளி அவர்களுக்கு, தங்கள் கம்பெனி ஒப்பந்தத்துக்கு உட்பட்ட சுமார் பதினொரு வயதுள்ள ரிக்கோ என்னும் குரலானது, தங்கள் அனுமதியின்றி, மேற்படி பரிமளகாந்தியின் அனுபவத்திலும் சுவாதீனத்திலும் இருந்து வருகிறது' என்று பத்திரத்துப் பாஷையிலேயே ஒழுங்காக எழுதி, கையெழுத்துப் போடாமல் தபால்பெட்டியில் போட்டேன். போட்டுவிட்டு வந்து நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்தாவது நாள் டிவி கம்பெனியிலிருந்து சலவைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். பரிமளகாந்தி இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, பூட்டிய கதவில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ரிக்கோ தனியாகக் கப்பலோட்டிக்கொண்டிருந்தான். பாயை விரி, நங்கூரத்தைத் தூக்கு என்று ஆணைகள் பறந்தன. வந்தவர் அதைக் கால்மணி நேரம் கேட்டார், கேட்கக் கேட்க அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. பொம்மைப்படத்தில் பேசுகிற குரலைத் தெருவே சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறது, நாளைக்கு இது பக்கத்துச் சானலுக்கும் போய்ப் பேசாது என்று என்ன நிச்சயம் என்று அவருக்குச் சந்தேகம். இந்த விஷயத்தில் அவரும் நானும் ஒரே ஜாதி.

அடுத்த வாரம் ஸ்டுடியோவுக்கு உத்தரவு வந்தது. இருபத்தாறாவது பாகத்தின் கடைசி வசனத்தை மாற்ற வேண்டும். ஆங்கிலத்தை விட்டுவிட்டு ஜப்பானில் இருக்கிறபடியே பேச வேண்டும்: 'நான் சாகப்போறேன், எனக்காகக் கப்பலைத் திருப்பாதீங்க.' பரிமளகாந்தியே பேசினால் நல்லது, மாட்டேன் என்றால் வேறு ஆளை வைத்துப் பேசிக்கொள்வோம், அவளுக்கு இனி எங்கேயும் மைக் கிடையாது. படத்தில் செத்துவிட்டால் வெளியே திரிகிற குரலும் செத்துவிடும் என்பது கம்பெனியின் கணக்கு.

விஷயம் குடியிருப்பு முழுக்கப் பரவியது. நரசிம்மலு கூட்டம் கூட்டினார். "லாரி வர்றத இனிமே யார் சொல்லுவா?" என்றுதான் ஆரம்பித்தார், ஆனால் பாதியில் நோட்டை மூடி வைத்துவிட்டார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல் பார்த்தவர், தினமும் மத்தியானம் மொட்டைமாடியில் உட்கார்ந்து ரிக்கோவுக்குக் கொடிகளின் அர்த்தம் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள், ஒன்றும் ஆகிற யோசனையாக இல்லை. பிறகு, வேறெதற்கும் வழியில்லாதபோது செய்கிறபடி, எந்தப் படுபாவி கடுதாசி போட்டது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நானும் எல்லார் முகத்தையும் பார்த்தேன்.

கூட்டம் கலைந்ததும் பரிமளகாந்தி என்னிடம் வந்தாள். "அக்கா, புதன்கிழமை காலையில பத்து மணிக்கு ரெக்கார்டிங். கூட வர்றீங்களா? தனியாப் போக மனசு வரல" என்றாள். பதினாறு வீட்டில் இவள் ஏன் என்னைக் கூப்பிடுகிறாள் என்று எனக்கு உடனே சந்தேகம் வந்தது. ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை அவள் கதவைப் பூட்டும்போது உள்ளேயிருந்து, "கேப்டன், சீக்கிரம் வந்துருவீங்கல்ல?" என்று அவன் கேட்டான். "வந்துருவேன். ஜன்னல் பக்கமே இரு, லாரி வந்தா கத்து" என்றாள். அவளுக்குச் சாவி துவாரத்தில் நுழையவில்லை, நான்தான் வாங்கிப் பூட்டினேன். அந்தச் சாவி என் உள்ளங்கையில் இருந்த வரைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஸ்டுடியோவில் கனத்த கதவு போட்ட ஒரு அறை, நடுவில் மைக், எதிரே திரை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிற சின்ன அறையில் டப்பிங் பார்த்துக்கொள்கிற வேதமுத்துவும், பொத்தான்களுக்கு முன்னால் ஒரு இன்ஜினியரும், சலவைச் சட்டையும், நானும். அவளோடு பேசுவதற்கு வேதமுத்து முன்னால் ஒரு குட்டி மைக் இருந்தது, அதன் பொத்தானை அழுத்திப் பேசினால் உள்ளே கேட்கும், டேப்பிலும் ஏறும். வேதமுத்து நல்ல மனுஷன். என் காதருகே குனிந்து, "முடிச்சதும் பேரைச் சொல்லிட்டா அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. பையன்தான்..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

திரையில் ரிக்கோ கொடிமரத்திலிருந்து விழுந்தான். மேகத்தின்மேல் கிடந்தபடி வாயைத் திறந்தான், பரிமளகாந்தியும் திறந்தாள். "நான் சாகப்போறேன். எனக்காகக் கப்பலைத் திருப்பாதீங்க." ஒரே டேக்தான். உதடு துளிகூடத் தப்பவில்லை. இன்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சலவைச் சட்டை கடிகாரத்தைப் பார்த்தார், டேப் சுற்றிக்கொண்டிருந்தது.

"பேரைச் சொல்லிட்டு வாங்கம்மா" என்றார் வேதமுத்து.

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பிறகு மைக்கின் பக்கம் திரும்பி, தெளிவாக, சொந்தக் குரலில், "ரிக்கோ. நல்லா இருக்கேன்" என்றாள்.

வேதமுத்து காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். இன்ஜினியர் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். 'நல்லா இருக்கேன்' என்ற வார்த்தை வந்துவிட்டதல்லவா, வழக்கம் முடிந்தது என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். ஆனால் வேறொருவன் பெயரில் ஒருத்தி கைநாட்டு வைத்தால் அதைக் கண்டுபிடிக்காமல் விடுகிற ஆளா நான்! இருபத்தாறு வருஷம் அந்த ஒரு வேலையைத்தானே பார்த்திருக்கிறேன். "பேரு தப்பு! பேரை மாத்திச் சொல்லிட்டா!" என்று நான் கத்தினேன். வேதமுத்து பதறிப்போய், "உங்க பேரும்மா! உங்க பேரைச் சொல்லுங்க!" என்று மைக்கில் அலறினார். அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, ப, ரி, ம என்று அசைவது எனக்கு நன்றாகத் தெரிந்தது, சத்தம் வரவில்லை. சாவுக்கு யாரையாவது கொண்டுபோக வேண்டியிருந்தது, பையனின் பெயர் சொல்லப்பட்டுவிட்டது, சொல்லப்படாத பெயர் அவளுடையது ஒன்றுதான்.

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. வேதமுத்துவை இடித்துத் தள்ளிவிட்டுக் குட்டி மைக்கைப் பிடித்தேன். வாழ்நாளில் எந்தப் பொய்யான வாசகத்தையும் பத்திரத்தில் ஏறவிடாதவள், ஓடுகிற டேப்பில், அமெரிக்காக்காரர்களின் அந்தப் பொய்யைச் சொன்னேன்: "பரிமளகாந்தி சாகல. பரிமளகாந்தி வேற ஒரு இடத்துக்குப் போயிருக்கா!"

டேப் நின்றது. சலவைச் சட்டை, தனக்கு வேண்டிய வசனம் கிடைத்துவிட்டதென்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவள் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆட்டோவில் வருகிற வழியெல்லாம் விடவில்லை. நான் அழுதேன், அவள் அழவில்லை.

தெருமுனையில் திரும்பும்போதே மூன்றாவது மாடியிலிருந்து, "கேப்டன் வந்துட்டாங்க!" என்ற கத்தல் கேட்டது. அவள் ஆட்டோ நிற்குமுன்பே குதித்துப் படியேறி ஓடினாள். எதிர்வீட்டுக்குள்ளே அவன் ஆயிரம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான், கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் கேப்டன் பேச மாட்டேங்கிறீங்க?" என்றான். நான் என் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றினேன். எனக்குப் பின்னாலிருந்து, மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா. உள்ள வரணும்" என்றது அவள் குரல்.

நான் தள்ளி நின்றேன். வேறென்ன செய்வது? வேறு ஒரு இடத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னது என் வாய்தானே. குரல் நேராகச் சமையலறைக்குப் போய்விட்டது. நான் கதவைச் சாத்திவிட்டு, வெண்டைக்காயை எடுத்து வைத்துக்கொண்டு, நறுக்குகிற சாக்கில் குனிந்தபடியே, "கடுதாசி போட்டது நான்தான்" என்றேன்.

"தெரியும். வேதமுத்து சார் காட்டினாரு. தண்ணி லிஸ்ட்ல தினம் பாக்குற கையெழுத்து எனக்குத் தெரியாதா? அதுல ஒண்ணு தப்பு. அவனுக்குப் பதினொண்ணு இல்ல, பத்து."

"தெரிஞ்சுமா என்னைக் கூட்டிட்டுப் போன?"

"தெரிஞ்சதாலதான் கூட்டிட்டுப் போனேன். நான் என்ன செய்யப்போறேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா யாரும் செய்ய விட்டிருக்க மாட்டீங்க. சொல்லாம செஞ்சா யாராவது கவனிக்கணும். இந்தக் குடியிருப்புல உங்கள விட்டா யாரு அப்படிக் கவனிப்பா, அக்கா?"

அதற்குப் பிறகு அவள் கடுதாசிப் பேச்சை எடுக்கவே இல்லை. வெண்டைக்காய் முற்றல் என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்தரைக்கு வேறு ஏதோ படம் போட்டார்கள். மறுவாரம்தான் மாற்றிய பாகம் வந்தது. ரிக்கோ செத்ததைப் பார்த்துவிட்டுப் பதினாறு வீட்டுப் பிள்ளைகளும் அழுதுகொண்டு மூன்றாவது மாடிக்கு ஓடிவந்தார்கள், "அது நடிப்புடா, இங்கதான் இருக்கேன்" என்று அவனே கதவுக்குள்ளிருந்து சமாதானம் சொன்னான். பரிமளகாந்திக்கு ஸ்டுடியோவில் வேலை போகவில்லை. அவள் மைக் முன்னால் வாயசைக்கிறாள், கூடவே வந்து நிற்கிற ரிக்கோ பேசுகிறான், வேதமுத்து கண்ணை மூடிக்கொள்கிறார். அந்தச் சானலில் இப்போது வருகிற பொடியன்களில் பாதிப் பேர் அவன்தான். மத்தியானங்களில் அவள் என் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து தன் குரல் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கரூரைப் பற்றி, எழவு வீட்டில் மாரடித்த ஆறு பேரைப் பற்றிக் குரல் சொல்லும், அவள் சத்தமில்லாமல் சிரிப்பாள். நான் இருவருக்கும் காபி போடுவேன், ஒரு டம்ளர் அப்படியே ஆறிப்போய்விடும்.

இப்போதெல்லாம் நான் கதவைத் திறந்தால் மாடிப்படியில் பேச்சு நின்றுவிடுகிறது. தனியாக இருக்கிறவள் வீட்டில் யாரோ பெண்பிள்ளை பேசுகிறாளே என்கிறார்கள், அந்தக் குரலை எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதே என்கிறார்கள், பரிமளத்தின் குரலைத் திருடி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. ரஷீதா பானு மட்டும் ஒன்றும் சொல்வதில்லை, நேருக்கு நேர் என் முகத்தையும் பார்ப்பதில்லை. யாராவது எங்கேயாவது ஒரு மொட்டைக் கடுதாசி எழுதிக்கொண்டிருக்கலாம். எனக்கு ராத்திரியில் சரியாகத் தூக்கம் வருவதில்லை.

இன்று காலை நரசிம்மலு நோட்டோடு வந்து என் கதவைத் தட்டினார். அவருக்குப் பின்னால் படி முழுக்க ஜனம். எதிர்வீட்டு வாசலில் பரிமளகாந்தி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே, சமையலறையில், குரல் பேசுவதை நிறுத்திக்கொண்டு காத்திருந்தது.

"தப்பா நினைக்காதம்மா. லிஸ்ட் எழுதுறது நீதான், ஆனாலும் கேக்க வேண்டியது என் கடமை. உங்க வீட்ல எத்தன தலை?"

நான் கதவை முழுக்கத் திறந்துவிட்டேன்.

"தல ஒண்ணுதான் சார்" என்றேன். "குரல் ரெண்டு."